வானம்பாடிக்கு ஒரு வேலி

போன ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பையன் உதைத்த பந்து எகிறிப் போய் ஒரு வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. பெரிய வேலி ஒன்றும் இல்லை, தற்காலிகமாக நட்டு வைத்தது. காலைத் தூக்கித் தாண்டப் போனேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"தம்பி, அதுக்குள்ள போகாதையுங்கோ. குருவி முட்டை போட்டிருக்கும்."

பேரனை விளையாடக் கூட்டி வந்திருந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர். கையிலிருந்த தடியை வேலிக்குள் நீட்டி, பந்தைப் பதமாக இழுத்து என் காலடிக்கு உருட்டிவிட்டார்.

"பார்க்குல போய் வேலி போட்டு வெச்சிருக்காங்களே ஐயா" என்றேன். கொஞ்சம் எரிச்சலோடுதான் சொன்னேன்.

"வருசா வருசம் அடைக்கிறவங்கள். கோடை முடியக் கழட்டிப் போடுவாங்கள். அங்க மேல பாருங்கோ."

பார்த்தேன். வானத்தில் ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. நிறுத்தாமல், மூச்சே விடாமல் ஒரு குருவி பாடிக்கொண்டிருந்தது. கண்ணைச் சுருக்கித் தேடினால் ஒரு கரும்புள்ளி அந்தரத்தில் துடித்துக்கொண்டிருக்கிறது. வானம்பாடி. சினிமாப் பெயராகவும் கோவைக் கவிஞர்களின் பத்திரிகைப் பெயராகவும் சின்ன வயதிலிருந்து கேட்ட பெயர். பறவையைப் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. அதுவும் கிழக்கு லண்டனில், கால்பந்து மைதானத்துக்குப் பக்கத்தில்.

அந்த எரிச்சல் வீட்டுக்கு வந்தும் போகவில்லை. ஈஸ்ட்ஹாமில் வாடகை வீட்டில் இருக்கிறவனுக்கு, பிள்ளை கால் நீட்டி ஓட இருக்கிற இடமே இது ஒன்றுதான். அதிலும் ஒரு துண்டை அடைத்தால் எப்படி? அந்தக் கேள்வியோடு இந்த இடத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, இந்த வெளியின் சரித்திரமே வேலியின் சரித்திரம்தான்.

லண்டனில் ஒரு மந்தைவெளி

இடத்தின் பெயர் வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸ். ஈஸ்ட்ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் தோசைக் கடைகளையும் நகைக் கடைகளையும் தாண்டி 101ஆம் நம்பர் பஸ் பிடித்தால் மேனர் பார்க் வழியாகக் கொண்டுபோய் விடும். ரயிலில் வந்தால் மேனர் பார்க் ஸ்டேஷனிலிருந்து சில நிமிட நடை. தெருவின் வீட்டு வரிசை சட்டென்று முடியும். எதிரே வானம், புல், அங்கங்கே மஞ்சள் பூத்த முட்புதர். நூற்றுமுப்பது ஹெக்டேருக்கு மேல், அதாவது 330 ஏக்கருக்குப் பக்கம்.

சனிக்கிழமை காலை 9 மணிக்கு பார்க்ரன் ஓட்டக்காரர்கள் 5 கிலோமீட்டர் ஓடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை லீக் ஆட்டங்கள். கிழக்கு லண்டனில் தலைமுறை தலைமுறையாகப் பந்து உதைத்துப் பழகிய இடம் இது. ஒரு பக்கம் அலெக்ஸாண்ட்ரா ஏரி, வாத்துகளும் அன்னங்களும். மைதானங்களுக்கு அப்பால் வெட்டாமல் விட்ட நீண்ட புல். அங்கேதான் வானம்பாடி.

பார்க்க நகராட்சிப் பூங்கா மாதிரி இருக்கும். பூங்கா இல்லை. சட்டப்படி இது எப்பிங் ஃபாரஸ்ட் என்ற பழைய காட்டின் தெற்கு நுனி. காடு என்றால் மரம் இருக்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் 'ஃபாரஸ்ட்' என்ற சொல், அரசர் மான் வேட்டையாடுவதற்காகத் தனிச் சட்டம் போட்டு வைத்த நிலப்பரப்பைக் குறித்தது. அதற்குள் மரமும் இருக்கும், புல்வெளியும் இருக்கும், ஊரும் இருக்கும்.

நிலம் உள்ளூர்ப் பிரபுவுக்குச் சொந்தம். ஆனால் சொந்தம் என்றால் முழுச் சொந்தம் இல்லை. அந்தப் பகுதியில் நிலம் வைத்திருந்தவர்களுக்கு அங்கே மாடு மேய்க்கும் உரிமை இருந்தது. பிரபு நினைத்தாலும் அந்த உரிமையைத் தடுக்க முடியாது. நம்ம ஊர் பாஷையில் சொன்னால் மந்தைவெளி. சென்னையில் மந்தைவெளி இன்றைக்கு ஒரு பஸ் ஸ்டாப்பின் பெயர். அந்தப் பெயருக்குள் இருக்கிற மாட்டு மந்தை எத்தனை பேர் கண்ணுக்குத் தெரியும்? வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸும் வெறும் பஸ் ஸ்டாப் பெயராகியிருக்க வேண்டியதுதான். ஏன் ஆகவில்லை என்பதுதான் கதை.

வெல்லெஸ்லி வீட்டு வேலி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ரயில் வந்தது. லண்டன் கிழக்கே வீங்கியது. நேற்றுவரை மாடு மேய்ந்த நிலத்துக்கு வீட்டுமனை விலை. பிரபுக்கள் சும்மா இருப்பார்களா? வேலி போட்டு, துண்டு துண்டாக்கி விற்க ஆரம்பித்தார்கள். பக்கத்திலிருந்த ஹெய்னால்ட் காட்டின் பெரும்பகுதி, 1851ல் ஒரு சட்டம் போட்டு அழிக்கப்பட்டது. அடுத்தது எப்பிங் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அப்போது வான்ஸ்டெட்டின் பிரபு யார் தெரியுமா? ஹென்ரி வெல்லெஸ்லி, முதலாம் ஏர்ல் கௌலி. பெயரைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கவர்னர் ஜெனரல் ரிச்சர்ட் வெல்லெஸ்லி இருந்தாரே, 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோதும், 1801ல் ஆற்காட்டு நவாபின் கர்நாடகத்தைக் கம்பெனி முழுசாக எடுத்துக்கொண்டபோதும் அந்தப் பதவியில் உட்கார்ந்திருந்தவர், அவருடைய தம்பியின் மகன்தான் இவர். பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிந்த கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்தவனுக்கு, அதே குடும்பத்து வாரிசு லண்டனில் ஒரு மேய்ச்சல் நிலத்தை அடைக்கப் போய் மாட்டிக்கொண்ட கதை சுவாரசியமாக இருக்காதா?

1871 ஜூலை 8, சனிக்கிழமை. ஃப்ளாட்ஸின் ஒரு பகுதியில் வேலி எழும்பியிருந்தது. அதை எதிர்த்துக் கூட்டம். தச்சர்கள், கூலித் தொழிலாளிகள், கடைச் சிப்பந்திகள் என்று கிழக்கு லண்டன் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். போலீஸும் பெரும்படையாக வந்தது. மேடையில் இருந்தவர்கள் கண்ணியமானவர்கள். தீர்மானம் போடுவோம், பாராளுமன்றத்தில் பேசுவோம், யாரும் வேலியில் கை வைக்க வேண்டாம் என்றார்கள். கூட்டமும் முடிந்தது. ஆனால் எல்லாரும் வீட்டுக்குப் போகவில்லை. சாயங்காலம் பாதுகாப்பு தளர்ந்ததும் மிச்சமிருந்தவர்கள் வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வேலியைப் பிடுங்கியவர்களில் பெரும்பாலானவர்களிடம் மாடு கிடையாது. நிலமும் கிடையாது. அதனால் சட்டப்படி இந்த வெளியில் அவர்களுக்கு எந்த உரிமையும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்க வருவது ஒரு உரிமையாக எந்தப் பத்திரத்திலும் எழுதப்படவில்லை. கோபம் இருந்தது, தேவை இருந்தது, காகிதம் மட்டும் இல்லை.

காகிதம் வேறொரு இடத்தில் இருந்தது. கல்லறையில்.

கல்லறையிலிருந்து வந்த உரிமை

லண்டன் நகரத்தின் மையத்தை ஆளும் சிட்டி ஆஃப் லண்டன் கார்ப்பரேஷனுக்கு 1850களில் ஒரு தலைவலி. நகரத்துச் சர்ச்சுகளின் புதைகுழிகள் நிரம்பி வழிந்தன. ஊருக்கு வெளியே இடம் தேடி, ஃப்ளாட்ஸை ஒட்டியிருந்த ஆல்டர்ஸ்ப்ரூக் பண்ணையை வாங்கினார்கள். விற்றது யார்? அதே வெல்லெஸ்லி குடும்பம். 1856ல் அங்கே திறந்ததுதான் இன்றைக்கும் இருக்கிற சிட்டி ஆஃப் லண்டன் கல்லறை.

பண்ணையோடு சேர்ந்து இன்னொன்றும் கைமாறியது. எப்பிங் காட்டில் மாடு மேய்க்கும் உரிமை. பண்ணை யாருடையதோ அவருக்கு அந்த உரிமை. ஆக, பணமும் வக்கீல்களும் கொண்ட ஒரு பெரிய நிறுவனம், கல்லறைக்கு இடம் வாங்கப் போய், மாடு மேய்ப்பவர்களில் ஒருவராக ஆகிவிட்டது!

1871ல் மக்கள் கொதித்ததைப் பார்த்த பிறகு கார்ப்பரேஷன் அந்த உரிமையைக் கையிலெடுத்து வழக்குப் போட்டது. இந்தக் காட்டில் மேய்ச்சல் உரிமைக்கு எல்லைக்கோடு இல்லை. ஒரு கிராமத்து மாடு காட்டின் எந்த மூலைக்கும் போய் மேயலாம். அப்படியானால் எந்தப் பிரபு எங்கே வேலி போட்டாலும் அது எங்கள் உரிமையைத் தடுக்கிறது என்பது வாதம். 1874 நவம்பரில் நீதிபதி சர் ஜார்ஜ் ஜெஸ்ஸல் அதை ஏற்றுக்கொண்டார். 1851க்குப் பிறகு அடைக்கப்பட்டதெல்லாம் செல்லாது. பிறகு 1878ல் எப்பிங் ஃபாரஸ்ட் சட்டம் வந்தது. காட்டைப் பராமரிக்கும் பொறுப்பு கார்ப்பரேஷனுக்கு. வேலி போடாமல் திறந்து வைக்க வேண்டும், ஜனங்களின் பொழுதுபோக்குக்கு விட வேண்டும், இயற்கைத் தோற்றத்தையும் காக்க வேண்டும். 1882 மே மாதம் விக்டோரியா ராணி நேரில் வந்து காட்டை மக்களுக்கு அர்ப்பணித்தார்.

ஒரே சட்டத்துக்குள் ஆட்டமும் இயற்கையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். அன்று அந்தப் பெரியவரோடு நான் நின்ற வேலியோரம் கிட்டத்தட்ட அந்தச் சட்டத்தின் இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் இருந்தது.

மாடுகள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வழக்கு மாட்டின் பெயரில் ஜெயித்தது வெறும் பேச்சுக்கு இல்லை. அடுத்த நூற்றாண்டு முடிய நான்கு வருஷம் இருக்கும்வரை மாடுகள் இங்கே சுதந்திரமாகத் திரிந்தன. வான்ஸ்டெட் தெருக்களில் போக்குவரத்தை நிறுத்தும், வீட்டுத் தோட்டத்துக்குள் புகுந்து பூச்செடியை மேயும். 1996ல் 'மேட் கவ்' நோய் வந்து அது நின்றது. யாருடைய உரிமை இந்த வெளியைக் காப்பாற்றியதோ, அந்த மாடு போய்விட்டது. உரிமை இல்லாமல் வந்து வேலியைப் பிடுங்கிய ஜனங்கள் தங்கிவிட்டார்கள்.

வீடா, வெளியா?

இதுவரைக்கும் கதை எளிது. பிரபு கெட்டவர், மக்கள் நல்லவர்கள். 1946ல் அப்படி இல்லை.

இரண்டாம் உலகப் போரில் ஃப்ளாட்ஸில் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் நின்றன, தடுப்பு பலூன்கள் பறந்தன, போர்க் கைதிகளின் முகாம் இருந்தது. துறைமுகத்தை ஒட்டிய வெஸ்ட்ஹாமின் தெருக்களைக் குண்டு சின்னாபின்னமாக்கியிருந்தது. வீடிழந்தவர்களுக்காக ஃப்ளாட்ஸின் ஓரங்களில் ப்ரீஃபேப் என்னும் தற்காலிகக் கூட்டு வீடுகள் எழும்பின. போர் முடிந்ததும் வெஸ்ட்ஹாம் கவுன்சில் ஒரு திட்டம் கொண்டுவந்தது: ஃப்ளாட்ஸில் பெரும்பகுதியைக் கையகப்படுத்தி நிரந்தர வீடுகள் கட்டுவோம்.

கேட்டது லாபம் பார்க்கும் பிரபு இல்லை. தொழிலாளர்களின் ஓட்டில் வந்த கவுன்சில். யாருக்காக? கூரை இல்லாதவர்களுக்காக. அவர்களில் சிலருடைய தாத்தா 1871ல் வேலி பிடுங்கியவராகவே இருந்திருக்கலாம். எதிர்த்தவர்களும் அதே தெருக்காரர்கள்தான். மனுக்களில் கையெழுத்துச் சேர்த்தார்கள், பொது விசாரணை நடந்தது. 1947ல் அரசாங்கம் திட்டத்தை நிராகரித்தது.

இந்த இடத்தில் நான் ரொம்ப நேரம் நின்றேன். ஒரே அறையில் நாலு பேர் படுக்கும் வீடுகள் எங்கள் தெருவில் இன்றைக்கும் உண்டு. நான் வந்த புதிதில் இருந்ததும் அப்படியொரு வீட்டில்தான். கவுன்சில் வீட்டுக்கான வரிசையில் வருஷக்கணக்காகக் காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் போய் "இந்த 330 ஏக்கர் புல்லாகவே இருக்கட்டும்" என்று கூசாமல் சொல்ல முடியுமா?

முடியும் என்றுதான் கடைசியில் தோன்றியது. காரணம் அதே ஒற்றை அறைதான். சின்ன வீட்டில் இருக்கிறவனுக்குத்தான் வெளி வேண்டும். பெரிய தோட்டம் வைத்த வீட்டுக்காரர் பிள்ளை அங்கேயே பந்து உதைக்கும். எங்கள் பிள்ளைகளுக்குத் தோட்டம் இதுதான். வீடு வேறெங்காவது கட்டலாம், கட்டவும் செய்தார்கள். இந்த வெளியை வேறெங்கும் செய்ய முடியாது. ஆனால் 1946ல் குண்டு விழுந்த வீட்டின் முன்னால் நின்று இதைச் சொல்லியிருப்பேனா என்று கேட்டால், நிச்சயமாகப் பதில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

தொண்ணூறு நாள், ஒரு நாள்

பிறகும் வேலி வந்தது. 2012 ஒலிம்பிக்ஸ் பக்கத்து ஸ்ட்ராட்ஃபோர்டில் நடந்தபோது போலீஸ்காரர்கள் கூடிப் பிரிய ஒரு முகாம் வேண்டும், அது ஃப்ளாட்ஸில் என்று முடிவானது. அடைப்பு போடக் கூடாது என்கிற 1878 சட்டம் குறுக்கே நின்றது. அதனால் 2011ல் அந்தச் சட்டத்தையே தற்காலிகமாகத் திருத்தினார்கள், 90 நாளுக்கு. அக்கம்பக்கத்தில் எதிர்ப்பு பலமாக இருந்தது. மூன்று மாதத்துக்கு ஏன் இவ்வளவு சண்டை என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். 1871 தெரிந்தவர்களுக்குத் தோன்றாது.

2018 ஜூலை 15, ஞாயிறு. பிரான்சும் குரோஷியாவும் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் ஆடிய நாள். வாரக்கணக்கில் மழையில்லாமல் புல் சருகாகக் கிடந்தது. மத்தியானம் ஃப்ளாட்ஸில் தீப் பிடித்தது. 40 தீயணைப்பு வண்டிகள், 200க்கும் மேற்பட்ட வீரர்கள். லண்டன் தீயணைப்புத் துறை பார்த்த மிகப் பெரிய புல்வெளித் தீக்களில் ஒன்று அது. தரையில் கூடு கட்டும் பறவைக்கு அதைவிடப் பெரிய ஆபத்து என்ன இருக்கிறது?

புல் மறுபடி முளைத்தது. ஆனால் வானம்பாடிக்குத் தினசரி ஆபத்து தீ இல்லை, நாம்தான். புல்லுக்குள் ஒரு குழியில் மூன்று நான்கு முட்டை இடும். பதினொரு நாள் போல அடைகாக்கும். குஞ்சுகள் பறக்கத் தெரியுமுன்னே கூட்டைவிட்டு இறங்கிப் புல்லுக்குள் நடக்க ஆரம்பித்துவிடும். ஒரு நாய் மோப்பம் பிடித்துக்கொண்டு ஓடினால் போதும், ஒரு கால் தவறி விழுந்தால் போதும். பொதுமுடக்கக் காலத்தில் லண்டனே பூங்காக்களில் திரண்டது நினைவிருக்கும். 2021லிருந்து, இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் தற்காலிக வேலி போட ஆரம்பித்தார்கள். பிரிட்டனில் 1970களிலிருந்து இதுவரை பாதிக்கும் மேல் குறைந்துபோன பறவை இது. லண்டனின் மையத்துக்கு இவ்வளவு பக்கத்தில் அது கூடு கட்டும் இடம் அரிது.

படித்ததில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொன்று. வானம்பாடிக்கு மரம் பிடிக்காது. நாலாபக்கமும் திறந்து கிடக்கிற வெட்டவெளிதான் வேண்டும். ஃப்ளாட்ஸை 'இயற்கை' என்று அப்படியே விட்டுவிட்டால் புதர் மண்டும், பிறகு மரம் வளரும், வானம்பாடி போய்விடும். இதை வெட்டவெளியாக வைத்திருந்தது நூற்றாண்டுக் கணக்கில் மேய்ந்த மாடும், பிறகு பந்து உதைத்த கால்களும், புல் வெட்டும் இயந்திரமும்தான். நான் நினைத்த மாதிரி ஆட்டக்காரனும் பறவையும் இடத்துக்காக அடித்துக்கொள்ளும் எதிரிகள் இல்லை. ஒரே வெளியின் இரண்டு வாடகைதாரர்கள்.

அதற்காக எல்லா வேலியும் நல்ல வேலி என்று சொல்லவில்லை. வேலியைப் பார்த்தால் இரண்டு கேள்வி கேட்கலாம் என்று இந்த இடம் கற்றுத் தந்தது. யாருக்காக? எப்போது கழற்றுவார்கள்? கௌலி பிரபுவின் வேலி அவருக்காக, என்றைக்கும் கழற்ற மாட்டார். போலீஸ் வேலிக்கு நாள் எண்ணி 90. வானம்பாடி வேலி, மனு எழுதவோ கூட்டம் போடவோ தெரியாத ஒன்றுக்காக. கோடை முடிந்ததும் காணாமல் போகும். 1871ல் கையில் காகிதம் இல்லாத ஜனங்களுக்கு மாட்டின் உரிமை உதவியது. இன்றைக்குக் காகிதம் நம் கையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

செப்டம்பரில் மறுபடி போனோம். வேலி இல்லை. பையன் ஓடிப்போய் அந்தப் புல்லோரம் நின்றான், உள்ளே கால் வைக்கவில்லை.

"இப்ப போகலாமாப்பா?"

"போகலாம்டா."

மெதுவாகத்தான் போனான், கீழே பார்த்துக்கொண்டே. கொஞ்ச தூரம் போனதும் பந்தைத் தூக்கிப் போட்டு உதைத்தான்.